மேடவாக்கத்தில் எடுக்காத ரேடியோ

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டரையிலிருந்து மூன்றரை வரை யார் கூப்பிட்டாலும் போனை எடுக்காத என் கிரேஸ் அக்காவுக்கு,

நீ போய் நாலு மாதம் ஆகிறது. இப்போதுதான் எழுத உட்கார்ந்தேன். உண்மையைச் சொன்னால், களைப்பு. காலையில் எழுந்து பல் தேய்ப்பதற்குள்ளேயே ஒரு நாள் வேலையை முடித்த மாதிரி இருக்கிறது. ரிட்டயர் ஆகி வீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு என்னடா களைப்பு என்று நீ கேட்பாய். முட்டி வலி ஒரு பக்கம். தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டை ஒரு தரம் ஏறி இறங்கினால் அன்றைக்கு அவ்வளவுதான். ஆனால் அது மட்டும் இல்லை. உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லாமல் தூக்கிக்கொண்டு திரிந்ததில் வந்த களைப்புதான் பாதி.

முதலில் முடிச்சூர் சேதி. உன் வீட்டுக்கு எதிரே இருந்த காலி மனையில் நாலு மாடி எழும்பிவிட்டது. உன் கறிவேப்பிலைச் செடிக்கு இனிமேல் காலை வெயில் கிடையாது. பக்கத்து வீட்டு விஜயா இன்னும் ஞாயிறு இரண்டரைக்கு மிக்ஸி போடுவதில்லை. அக்காதான் இல்லையே, தாராளமாக அரைத்துக்கொள்ளம்மா என்றேன். "பழகிப்போச்சு சார், கை வரமாட்டேங்குது" என்றாள். எத்தனை வருஷம் அந்தப் பெண்ணைச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து அதட்டியிருப்பாய்! மிக்ஸி ஓடினால் ரேடியோ கரகரக்கும் என்று உன் வீட்டு ஃபிரிட்ஜையே அணைத்துவிடுகிறவள் நீ. அந்த ஒரு மணி நேரத்தில் உறைந்த பால் இளகும், ஐஸ்கிரீம் தண்ணீராகும். கேட்டால், பாட்டு முக்கியமா ஐஸ்கிரீம் முக்கியமா என்பாய்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பே எல்லாச் சாமானிலும் நீ சீட்டு ஒட்டி வைத்திருந்தாய். இட்லிப் பானை விஜயாவுக்கு. அப்பாவின் பைபிள் எனக்கு. ரேடியோவின் முதுகில் செல்லோ டேப் போட்டு, உன் குண்டு எழுத்தில், "சீலனுக்கு". பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன். பத்து வருஷமாக ஒரு ஞாயிறு விடாமல் அந்தப் பழைய பாட்டு நிகழ்ச்சியைக் கேட்டவன் நான். ரேடியோ மட்டும் அவனுக்கா?

இந்தக் கடிதத்தை வேறு யாராவது படித்தால் அவர்களுக்கு ஒன்றும் புரியாது. அதனால் உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

சீலன் நம் கடைசித் தம்பி ஜெயசீலன். அந்தப் பெரிய வெள்ளத்தில் உன் தெருவுக்குள் ஆறு வந்தபோது, சீலன் காரை எடுத்துக்கொண்டு வந்து உன்னை மேடவாக்கத்துக்குக் கூட்டிப் போயிருப்பான் என்று நான் நினைத்துக்கொண்டேன். அண்ணன் பக்கத்திலேயே தாம்பரத்தில் இருக்கிறாரே, அவர் கூட்டிப் போயிருப்பார் என்று அவன் நினைத்துக்கொண்டான். போன் எல்லாம் செத்துக் கிடந்தது. இரண்டு தம்பிகளும் நிம்மதியாக அவரவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நீ விஜயா குடும்பத்தோடு மொட்டை மாடியில், மடியில் ரேடியோவை வைத்துக்கொண்டு, இரண்டு நாள் உட்கார்ந்திருந்தாய். யாரோ முகம் தெரியாத மீனவர்கள் படகில் வந்து இறக்கிவிட்டார்கள்.

பிறகு என் வீட்டு ஹாலில் நடந்த சண்டையில் நீயும் இருந்தாய். பஸ் ஏறினால் பத்து நிமிஷம், உனக்கு அக்கா ஞாபகமே வரவில்லையா என்று அவன் கேட்டான். நான் அவனுக்குச் சொன்ன பதிலை இங்கே எழுத மாட்டேன். "நான்தான் பத்திரமா இருக்கேனே, விடுங்கடா" என்று நீ நடுவில் சொல்லிக்கொண்டே இருந்தாய். நாங்கள் விடவில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

நீ எங்களைக் கூப்பிட்டு வைத்துப் பஞ்சாயத்துப் பண்ணவில்லை. போஸ்ட் ஆபீஸுக்குப் போய் கார்டு வாங்கினாய். மற்றவர்கள் எல்லாம் வாட்ஸப்புக்கு மாறிய பிறகும் நீ கார்டுதான் போட்டாய். ரேடியோ ஸ்டேஷனுக்கு, பாட்டு கேட்டு, மாதம் ஒன்று. நீ போட்டு இரண்டு மாதமோ மூன்று மாதமோ கழித்து, ஞாயிறு மத்தியானப் பழைய பாட்டு நிகழ்ச்சியில் அந்த அறிவிப்பாளர் அம்மா மூச்சு விடாமல் வாசிப்பார்: "முடிச்சூரிலிருந்து கிரேஸ், மேற்குத் தாம்பரம் தம்பி எட்வின், மேடவாக்கம் தம்பி ஜெயசீலன்." எப்போதும் ஒரே பாட்டைத்தான் கேட்பாய், அம்மா துணி மடிக்கும்போது பாடுகிற பாட்டு. அவர்கள் ஒருநாளும் அதைப் போட்டதில்லை. அதற்காக நீ வருத்தப்பட்டதும் இல்லை. உனக்கு வேண்டியது பாட்டு இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஒவ்வொரு தடவை பெயர் வரும்போதும் நான் என் டிரான்சிஸ்டர் முன்னால் உட்கார்ந்து நினைப்பேன்: அவனும் இப்போது கேட்டிருப்பான். சின்ன வயதில் ரேடியோவைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தவன் ஆயிற்றே, கேட்காமல் இருப்பானா? கேட்டும் ஒரு போன் பண்ணவில்லை பார், எவ்வளவு திமிர் என்று நினைப்பேன். மூன்றரை ஆனதும் ரேடியோவை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவேன். பத்து வருஷம் இப்படிப் போயிற்று, அக்கா.

கல்லறைக்கு உன் பெட்டியை இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவனும் தூக்கினோம். அப்போதுகூடப் பேசவில்லை.

மூன்றாவது மாதம், இனியும் தள்ளிப்போட முடியாது என்று ஒரு சனிக்கிழமை ரேடியோவைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு மேடவாக்கம் போனேன். வழியெல்லாம் டிராஃபிக். தண்ணி லாரிக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் நின்றேன். ரேடியோவைக் கொடுத்துவிட்டு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிவிடுவது என்றுதான் போனேன். சீலன்தான் கதவைத் திறந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. கல்லறையில் நான் அதைக் கவனிக்கவில்லை. பையை நீட்டினேன். வெளியே எடுத்துச் சீட்டைப் படித்தான். படித்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் மனைவி டீ கொண்டுவந்தாள். குடித்தேன்.

பேச ஒன்றும் இல்லாததால் ரேடியோவைப் போட்டுப் பார்க்கலாம் என்றேன். போட்டோம். கொர்ர்ர் என்று ஒரே இரைச்சல். ஜன்னல் பக்கம் வைத்தோம். பால்கனிக்குக் கொண்டு போனோம். வாஷிங் மெஷின் மேலே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். லிஃப்ட் ஓடும்போது இரைச்சல் இன்னும் கூடியது.

"இங்க ஏ.எம். எதுவும் எடுக்காதுண்ணா" என்றான் சீலன். "சுத்தி கான்கிரீட்டு, வீடு பூரா எல்.இ.டி. பல்பு, இன்வெர்ட்டர். குடி வந்ததுலேர்ந்தே இப்படித்தான். என் ரேடியோவ அப்பவே பரண்ல போட்டுட்டேன்."

அவன் அந்த வீட்டுக்குக் குடி வந்தது வெள்ளத்துக்கு முன்னால். அப்படியானால் ஒரு கார்டுகூட அவன் காதில் விழுந்ததில்லை. யாருக்குத் திமிர் என்று நான் பத்து வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்?

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். முடிச்சூரில் நன்றாக எடுக்கும், நாளைக்கு இதை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு வா என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வந்தான். அதற்கடுத்த ஞாயிறும் வந்தான். ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு, நீ வைக்கிற மாதிரியே மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில், தண்ணீர்த் தொட்டிக்கு முதுகைக் காட்டி ரேடியோவை வைத்தேன். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. வெயில், முருங்கைக்காய் விலை, என் முட்டி வலி என்று அவ்வப்போது ஒரு பேச்சு. உன் கடைசிக் கார்டு இன்னும் பாக்கி என்று எனக்கு மட்டும் தெரியும். "கார்டு போட்டுட்டேன்டா, கேளு" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ சொன்னது என்னிடம்தானே. அது வந்துவிடக்கூடாது என்றும் இருந்தது, வந்துதான் ஆகவேண்டும் என்றும் இருந்தது.

மூன்றாவது ஞாயிறு அது வந்தது. "முடிச்சூரிலிருந்து கிரேஸ்" என்று அந்த அம்மா ஆரம்பித்ததும் சீலன் எழுந்து நின்றுவிட்டான். என் பெயர், பிறகு அவன் பெயர். இந்தத் தடவையும் வேறு பாட்டுதான் போட்டார்கள். கீழே விஜயா வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

பாட்டு பாதியில் இருக்கும்போது கேட்டான்.

"அக்கா முன்னாடியும் எழுதியிருக்காங்களாண்ணா? இப்படி நம்ம ரெண்டு பேரையும் சேர்த்து?"

"மாசம் ஒண்ணு. வெள்ளத்துக்கு அப்புறம் ஒரு மாசம்கூட விடல."

"நீ கேட்டியா?"

"எல்லாத்தையும் கேட்டேன்டா."

அவன் கத்துவான் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து ரேடியோவை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். "ஒரு போன் பண்ணியிருக்கலாம்லண்ணா" என்றான். அதில் கோபம்கூட இல்லை. அவனும் களைத்துப்போய்விட்டான், அக்கா. நிகழ்ச்சி முடியும்வரை நான் அழுதுகொண்டிருந்தேன். அவன் தடுக்கவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவன் வீட்டில் எடுக்காது என்று உனக்குத் தெரியுமா? நீதான் வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு அங்கே போய்த் தங்குவாயே. தெரிந்தும் எழுதினாய் என்றால், கேட்கிறவன் நான் ஒருத்தன் மட்டும்தான் என்று உனக்குத் தெரிந்திருக்கும். இவன் போய்ச் சொல்வான் என்று மாதா மாதம் நினைத்தாயா? நீ உயிரோடு இருக்கும்போது ஒரே ஒரு தடவை நான் போயிருந்தால், எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்த்துவிட்டுப் போயிருப்பாய். இதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

நேற்று போஸ்ட் ஆபீஸில் பத்துக் கார்டு வாங்கினேன். முதல் கார்டை எழுதிப் போட்டும் விட்டேன். முதலில் உன் பெயர், எப்போதும் போல. 'மறைந்த' என்றெல்லாம் போடவில்லை. அடுத்தது மேடவாக்கம் தம்பி. என் பெயர் கடைசி. அம்மாவின் பாட்டையே கேட்டிருக்கிறேன். எப்படியும் போட மாட்டார்கள்.

சீலனால் எல்லா ஞாயிறும் வர முடியாது. அவனுக்குச் சர்க்கரை, கண்ணில் வேறு ஆபரேஷன் சொல்லியிருக்கிறார்கள். அதனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நம் பெயர் வந்தாலும் வராவிட்டாலும், என் உடம்பில் தெம்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், இனிமேல் ஞாயிறு மூன்றரை மணிக்கு ரேடியோவை அணைத்த கையோடு அவனுக்குப் போன் பண்ணுவேன். என்னென்ன பாட்டு போட்டார்கள், யார் யார் பெயர் வந்தது என்று ஒன்று விடாமல் சொல்வேன்.

இப்படிக்கு,
எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் போகாமல் உட்கார்ந்திருந்த
உன் பெரிய தம்பி,
எட்வின்