சக்கரத்தில் இரண்டு சுண்ணாம்புப் புள்ளி

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, மாமு. இன்று தண்டையார்பேட்டையில் ஒரு கல்யாணம். சாப்பாடு முடிந்து வெற்றிலை போட்டேன். விரலில் மிஞ்சின சுண்ணாம்பைத் துடைக்கப் பக்கத்திலேயே பந்தல் கால் இருந்தது. அதை விட்டுவிட்டு, மாப்பிள்ளை வந்த காரின் கதவில் இழுத்துவிட்டேன். கறுப்புக் கார். டிரைவர் பார்த்துவிட்டார்.

"இன்னா நைனா, உங்க வூட்டுத் தூணா இது?"

  கறுப்பு இரும்பின் மேல் அந்த வெள்ளையைப் பார்த்ததும் நீ ஞாபகத்துக்கு வந்துவிட்டாய். உனக்குக் கடிதம் எழுதுவேன் என்று நான் நினைத்ததே இல்லை. நான் படித்தது மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி நாள் வெளியேதான் நின்றேன். பிழை இருந்தால் அங்கே படித்தவர் யாரிடமாவது கேட்டுக்கொள்.

ராயபுரத்தில் உன் வீட்டு வாசல், அதில் சாக்குப் போர்த்தி நின்ற அந்த மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு பேர் மட்டும் உட்காரலாம், மேல்கூரையை மடக்கிவிடலாம். கப்பலிலிருந்து அதைத் துறைமுகத்தில் இறக்கியவனே நீதான். கிரேனில் உட்கார்ந்து முட்டையை வைப்பது போல வைத்தேன் என்பாய். எண்ணூர் ஆலை ஒன்றில் இயந்திரம் பூட்ட வந்த இத்தாலிக்காரருடைய வண்டி. லீவு நாளில் போய் அதைக் கழுவிக் கொடுத்து அவரைச் சிநேகம் பிடித்துக்கொண்டாய். அவர் ஊர் திரும்பும்போது வண்டி பழசாகியிருந்தது. உன்னிடமே விட்டுவிட்டார், ஒரு எச்சரிக்கையோடு. இன்ஜின் முன்பக்கம் ஓடுகிற பல் வைத்த ரப்பர் பெல்ட்டு வெடித்துப்போயிருக்கிறது. புதுசு மாட்டாமல் ஸ்டார்ட் செய்யாதே. ஓட்டத்தில் அறுந்தால் இன்ஜின் செத்தது.

அந்தப் பெல்ட்டு இந்த ஊரில் எங்கே கிடைக்கும்? வருகிற கப்பலிலெல்லாம் மாலுமிகளைப் பிடித்துக் கேட்டாய். கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான். வண்டி மேல் மிளகாய் காய்ந்தது, பூனை குட்டி போட்டது. நீ மட்டும் வேலை விட்டு வந்ததும் அந்த ஓடாத வண்டியில் ஏறி உட்கார்ந்து டீ குடிப்பாய்.

"எங்க மாமு போய்க்கினு கீறே?" என்று கேட்பேன்.

"மகாபலிபுரம். நடுவுல பேசாத" என்பாய்.

உன் மனைவி பிலோமினாவுக்கு ஒரு வருஷ மழையில் பொறுமை தீர்ந்தது. உள்ளே ஒழுகுகிறது, வாசலில் சார்ப்பு இறக்கி அடுப்பை வெளியே வைக்க வேண்டும், அந்த இடத்தில் உன் வண்டி. வண்ணாரப்பேட்டை காயலாங்கடை பாயிடம் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்து இரும்பாக எடுத்துக்கொண்டு போகலாம். வெள்ளிக்கிழமை, செய்தித்தாளில் சுற்றி ஒரு மாலுமி உன் கையில் பெல்ட்டைக் கொடுத்தான். ஒன்றே ஒன்று. அதைக் காட்டி நீ கெஞ்சினபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

"நான் பூசை முடிஞ்சி வர்றதுக்குள்ள அது தானா நகர்ந்தா இருக்கட்டும்" என்றாள். "இல்லேன்னா பாய் நகத்துவாரு."

ஞாயிறு காலை நானும் வந்து நின்றேன். மாவு மில்லில் பெல்ட்டு பார்க்கிறவன் இல்லையா? வழுக்கினால் தூவலாம் என்று குங்கிலியப் பொடி டப்பாவையும் எடுத்து வந்திருந்தேன்.

"அத்த இதுல தூவினே, உன்னையும் சேர்த்து பாய்கிட்ட எடைக்குப் போட்டுடுவேன்" என்றாய்.

அப்புறம்தான் விளக்கினாய். மில்லில் பெல்ட்டு வழுக்கினால் மாவு நிற்கும், அவ்வளவுதான். இங்கே மேலிருந்து வால்வு இறங்கும், கீழிருந்து பிஸ்டன் ஏறும், ஒன்று விலகின பிறகுதான் மற்றது வரவேண்டும். தெருக்குழாயில் குடம் வைக்கிற மாதிரி, முறை தவறினால் இடிதான். அந்த முறையைப் பிடித்திருப்பது பெல்ட்டின் பல். இரண்டு மூன்று பல் தள்ளி மாட்டினால் வால்வு வளையும். வளைந்தால் வேறு வால்வு இத்தாலியில்தான்.

கம்பெனி குத்தின குறி துருவில் போயிருந்தது. நீ இடுப்பிலிருந்து சுண்ணாம்பு டப்பாவை எடுத்தாய். மேல் சக்கரத்தில் ஒரு புள்ளி, அதற்கு நேரே இன்ஜினில் ஒரு புள்ளி, கீழ்ச் சக்கரத்துக்கும் அதே போல. பெல்ட்டைக் கழற்றினதும் மேல் சக்கரம் ஸ்பிரிங் அழுத்தத்தில் துள்ளித் திரும்பிவிடும், பழைய இடத்துக்குக் கொண்டுவர அந்தப் புள்ளிதான் கதி என்றாய்.

அதற்குள் பாய் வந்துவிட்டார். கயிறு, நாலு ஆள், ஒரு ஜோடி மாடு.

"இன்னாபா, இன்னும் பிரசவம் ஆவலியா?"

உட்காரச் சொன்னாய். அவரும் நல்ல மனுஷன், எங்களுக்கும் வெற்றிலை எடுத்து நீட்டினார். மூன்று பேரும் போட்டோம். மென்றுகொண்டே நீ பழைய பெல்ட்டை உருவினாய். சக்கரம் டக்கென்று துள்ளியது. துள்ளும் என்று தெரிந்தும் இரண்டு பேரும் பின்னால் சாய்ந்தோம். பிறகு நீ குனிந்து பார்த்தாய். குனிந்தவன் நிமிரவே இல்லை.

"மாமு, சக்கரத்துல நான் ஒரு புள்ளிதானே வெச்சேன்?"

"ஒண்ணுதான்."

"ரெண்டு கீது."

மூன்று பேரும் அவரவர் விரலைப் பார்த்துக்கொண்டோம். மூன்றிலும் சுண்ணாம்பு.

"நான் வண்டி கிட்டயே வர்லபா" என்றார் பாய். வந்திருந்தார். பெல்ட்டுக்குப் பல் இருக்கிறதா என்று குனிந்து பார்த்ததே அவர்தான்.

"நீயா?" என்று என்னைக் கேட்டாய்.

"நான் வெச்சா இவ்ளோ அழகா வராது மாமு."

நீ சிரிக்கவில்லை. நான் சொல்லி நீ சிரிக்காதது அன்றைக்குத்தான். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

கோயில் மணி கேட்டது. பூசையில் நற்கருணை ஆரம்பித்துவிட்டது, இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவாள் என்றாய். பாயின் ஆட்கள் கயிற்றைப் பிரித்தார்கள். இரண்டு புள்ளியில் ஒன்றை நேரே நிறுத்திப் புது பெல்ட்டை மாட்டினாய். கைக்கு லேசாகச் சுற்றப் பிளக்குகளை எல்லாம் கழற்றி வைத்தாய். கீழ்ச் சக்கரத்தின் நட்டில் ஸ்பானரைப் போட்டு, கையாலேயே, கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது போல நகர்த்தினாய். மேல் சக்கரத்தின் மேல் என் உள்ளங்கை. மாடு கூட மணியை ஆட்டவில்லை. கால் சுற்று. இன்னும் கொஞ்சம். உன் மணிக்கட்டு நரம்பு எழும்பி நின்றது.

"இன்னா?" என்றேன்.

"முட்டுது."

அதற்கு மேல் நகராமல் கல்லாக நின்றது. "வளைஞ்சிடுச்சா?" என்றேன். நீ ஸ்பானரை அப்படியே பின்னுக்கு நகர்த்தினாய். உன் உதட்டோரம் வெற்றிலைச் சாறு வழிந்தது, நீ துடைக்கவில்லை.

"கை சொல்லும்போதே நிறுத்திடணும் மாமு" என்றாய். "கிரேன்லயும் அதான்."

மறுபடி பெல்ட்டை உருவி, அடுத்த புள்ளிக்கு மாட்டினாய். கால் சுற்று. அரைச் சுற்று. முன்னே கல்லாக நின்ற இடம் வந்தது. மூச்சை யார் விட்டது என்று தெரியவில்லை, பாயாகக்கூட இருக்கலாம். தாண்டியது. ஒரு முழுச் சுற்று, இன்னொரு முழுச் சுற்று, வெண்ணெயாய்ப் போயிற்று.

பிளக்கை முடுக்கும்போதே தெருமுனையில் முக்காடு தெரிந்தது. பிலோமினா, கையில் ஜெபமாலையோடு. சாவி திருகினாய். உறுமிவிட்டு அடங்கியது. பாய் எழுந்து வேட்டியைத் தட்டினார். மறுபடி திருகினாய். கரும்புகை. பூனை என் தோள் மேல் ஏறிச் சுவருக்குப் போனது. வண்டி தானாக வாசலைத் தாண்டியது. மிரண்ட மாடுகளும் தானாக நகர்ந்தன, பாய் அவற்றின் பின்னால் ஓடினார்.

பிலோமினா பார்த்துக்கொண்டே நின்றாள்.

"சரி, நகர்ந்துச்சி. அந்தாண்டச் செவுத்தோரமே நிறுத்து. இங்க அடுப்பு வரணும்."

அன்று சாயங்காலம் கடலோரமாகவே எண்ணூர் வரை போனோம். உப்புக் காற்றில் கண் எரிந்தது. உனக்கும் காற்றுதான் என்று அன்றைக்குச் சொன்னாய். "ஊருக்கெல்லாம் எறக்கினேன் மாமு. எனக்குன்னு ஒண்ணு எறங்கிச்சி."

நீ கண்ணை மூடின பிறகு பாய் ஒரு தரம் வந்து, தயங்கித் தயங்கி, செவுத்தோரம் நிற்பதைப் பற்றிக் கேட்டாராம்.

"அது தானா நகர்ற வண்டி பாய்" என்றாளாம் பிலோமினா. "வேற இரும்பு பாரு."

அந்த இரண்டாவது புள்ளி உன் விரல் பட்டு வந்ததுதான் என்று இத்தனை நாளும் ஊரெல்லாம் சொல்லிவந்தேன். இன்று அந்தக் கறுப்புக் கதவைப் பார்த்த பிறகு என் விரல் மேலேயே கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது.

பழைய பெல்ட்டை அறுத்துக் கொக்கி போட்டு, "இந்தா, பெல்ட்டு மாஸ்டர்" என்று கொடுத்தாயே, அதை இடுப்பிலிருந்து நான் கழற்றினதில்லை. என் வேட்டிக்கு அதுதான் காவல். வெடிப்பு அதிகம்தான், ஆனால் ஓடிக்கொண்டிருந்தது. இன்று டிரைவர் என்னைப் பார்த்து நாலடி வைத்தார். நான் கொஞ்சம் வேகமாக நடந்தேன். மணமக்கள் வெளியே வருகிற நேரத்தில் பந்தல் வாசலில் பெல்ட்டு அறுந்து வேட்டி நழுவி விழுந்தது. பின்னால் வந்த டிரைவர் கதவைத் துடைக்கத்தான் துணி தேடிக்கொண்டிருந்தார். என் வேட்டி அவர் கைக்குக் கிடைத்தது. கதவு சுத்தமாகிவிட்டது.