ஜோதி பேரில் போன கடிதம்

ஓசூர்
20-10-1999

என் தங்கம் ஜோதிக்கு, உன் தாய்மாமன் தீர்த்தகிரி ஆசையாய் எழுதுவது.

நான் சௌக்கியம். கம்பெனியில் என்னை வாட்ச்மேன் என்று ஒருத்தனும் கூப்பிடுவதில்லை, ஆபீசர்தான். ஜெனரல் மேனேஜரே என்னைக் கேட்டுத்தான் வெளியே போகிறார்.

உன் கல்யாணம் முடிந்தது என்றே வைத்துக்கொள். பெண் பார்க்க வந்த பெங்களூர் மாப்பிள்ளை கோவிந்தன் ஈமெயில் விலாசம் கொடுத்துவிட்டுப் போனாரே, நீ கூச்சப்பட்டு உட்கார்ந்திருந்தால் நடக்குமா? பஸ் ஸ்டாண்டு எதிரே இன்டர்நெட் சென்டரில் உன் பேரிலேயே ஒரு கணக்கு திறந்து, நீ எழுதுவதுபோல் அனுப்பிவிட்டேன். கல்யாணம் ஆனதும் டீச்சர் வேலையை விட்டுவிடுகிறேன், உங்கள் அம்மாவைப் பார்த்துக்கொள்வதே எனக்குப் போதும் என்று ஒரு வரி போட்டேன் பார், மனுஷன் உருகிவிட்டார்! அன்றைக்கே பதில்.

டைப் அடித்தது உன் மாணவி ரங்கம்மா. பக்கத்து வீட்டுக் கரியப்பன் மகள், தசரா லீவுக்கு உங்கள் பள்ளி ஹாஸ்டலிலிருந்து வந்திருக்கிறாள். முதலில் முரண்டு பிடித்தாள். “இன்னொருத்தர் பேர்ல எழுதக் கூடாதுன்னு டீச்சர் சொல்லிருக்காங்க மாமா.”

“உங்க டீச்சர்தாம்மா எழுதச் சொன்னா” என்றேன். அப்புறம் விரல் பறந்தது! நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறாய்.

உன் மாமன்,
தீர்த்தகிரி

கிருஷ்ணகிரி
16-11-1999

மாமாவுக்கு,

நேற்று கோவிந்தன் பள்ளிக்கே வந்து, ராஜினாமா கொடுத்தாயிற்றா என்று கேட்டார். நான் எழுதவில்லை என்றேன். ஏமாற்றுக்காரி என்று சொல்லிவிட்டுப் போனார். போகட்டும், தாங்கிக்கொள்வேன்.

இன்று வகுப்பில், கம்ப்யூட்டரில் அனுப்பும் ஒவ்வொரு எழுத்துக்கும் நாமே பொறுப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ரங்கம்மா எழுந்து நின்றாள். “உங்க பேர்ல எழுதச் சொல்லி நீங்கதானே டீச்சர் சொன்னீங்க? எங்களுக்கு மட்டும்தான் இந்தப் பேச்சா?”

வகுப்பே சிரித்தது. என் மாமா பொய் சொன்னார் என்றேன். அப்பா போன பிறகு என்னைத் தோளில் தூக்கிப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்ட மாமாவை, அத்தனை பிள்ளைகள் முன்னால் அப்படிச் சொன்னேன். அதையும் ஒருத்தரும் நம்பவில்லை. “மாட்டிக்கிட்டதும் மாமா மேல போடறாங்க” என்று பின் பெஞ்சில் கேட்டது. இனி நான் எதைச் சொல்லிக் கொடுத்தாலும் அந்தச் சிரிப்புதான் முன்னால் நிற்கும்.

எனக்கு இனி எழுத வேண்டாம்.

ஜோதி

ஓசூர்
28-12-1999

என் தங்கம் ஜோதிக்கு,

எழுதாதே என்றாய். எழுதாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை.

ரங்கம்மா லீவுக்கு வந்தாள். அவளைக் கூப்பிட்டு, டீச்சர் சொல்லவே இல்லையம்மா, நான்தான் அளந்தேன் என்றேன். சிரித்துவிட்டாள். “நீங்க எப்பவும் விடறது கதைதானே மாமா! டீச்சரைக் காப்பாத்த இது ஒண்ணா?” கரியப்பன் தலைமேல் அடித்துச் சத்தியம் செய்தேன். அவனும் சேர்ந்து சிரிக்கிறான்.

இரண்டாயிரமாவது வருஷம் பிறந்ததும் உலகத்துக் கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுபோகும் என்று கம்பெனியில் பேசிக்கொள்கிறார்கள். அப்படியானால் நான் அனுப்பியதும் அழிந்துவிடும் அல்லவா? அந்தப் பிள்ளை மனசில் இருப்பது எப்படி அழியும் என்றுதான் தெரியவில்லை. நீ படித்தவள், உனக்குத் தெரிந்திருக்கும்.

கம்பெனி கேட்டில் எல்லோரும் உன்னை விசாரிக்கிறார்கள். வாரம் தவறாமல் எழுதுகிறாள், நேற்றுகூட நாலு பக்கம் வந்தது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒரே ஒரு வரி போடு, ஜோதி. திட்டியாவது போடு. அது ஒன்றாவது நிஜமாக இருக்கட்டும்.

வாட்ச்மேன் தீர்த்தகிரி