அம்மா டிவியில் வரும் சனிக்கிழமை

4.8.2010, புதன்
நல்ல வெயில். காலை ஷிஃப்ட். மதியம் ஊரிலிருந்து அம்மா போன். சனிக்கிழமை மாலை ஆறரைக்கு அம்மா டிவியில்! விவசாய நிகழ்ச்சியாம், எங்கள் கத்தரித் தோட்டத்துக்கே வந்து எடுத்தார்களாம். பக்கத்து வீட்டில்கூட நிமிர்ந்து பேசாத அம்மா, கேமரா முன்னால்! லீவு கேட்டேன். சூப்பர்வைசர்: "இந்த வாரம் யாருக்கும் கெடையாதும்மா." போகட்டும், இங்கே ஒரகடத்து ரூமிலேயே பார்த்துவிடுகிறேன்.
வேண்டியவை: டிஷ், பாக்ஸ், ஒயர், ஸ்பேனர். டிவியை வீட்டு ஓனர் அக்கா தருவார்.

5.8, வியாழன்
குன்றத்தூரில் மாதக் கட்டணம் இல்லாத டிஷ் வாங்கியாச்சு. ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்திருந்தேன். பக்கத்து சீட்காரர்: "இன்னாம்மா, இதுல பிரியாணி போடப் போறியா?"

6.8, வெள்ளி
மாலை, மொட்டை மாடி. பக்கத்து மாடி டிஷ்ஷைப் பார்த்து அதே திசையில் திருப்பினேன். படம் இல்லை. கடைக்காரர் போனில் திட்டினார்: அது வேறு சாட்டிலைட், நமக்குத் தென்கிழக்கு. மெதுவாகத் திருப்பினேன். ரூம்மேட் ஜோதி தூத்துக்குடிக்காரி, கீழே டிவியில் சிக்னல் அளவைப் பார்த்து ஜன்னல் வழியாகக் கத்தல்: "இருவது... நாப்பது... ஏட்டி, அசையாத! படம் வந்துட்டு!" குதித்தேன். நிஜமாகவே குதித்தேன்.
பிறகு நட்டை இறுக்கும்போது சொதப்பல். கம்பெனி லைனில் கரண்ட் ஸ்க்ரூடிரைவர், போதுமான இறுக்கம் வந்ததும் 'டிக்' என்று தானே நின்றுவிடும். நாலு வருஷப் பழக்கம். ஸ்பேனர் எங்கே டிக் அடிக்கும்? அதற்காகக் காத்துச் சுற்றிக்கொண்டே இருந்தேன். மரை தேய்ந்து, டிஷ் தலை தொங்கிவிட்டது. அழுகை.

7.8, சனி
மேகம், காற்று. அந்த அளவு போல்ட் எந்தக் கடையிலும் இல்லை. கயிறு கட்டினோம், நிற்கவில்லை. கையால் பிடித்தால்தான் படம். ஜோதி பிடித்தாள், படம் கட்டம் கட்டமாக உடைந்தது. ஓனர் அக்கா பிடித்தார், போயே போச்சு. என் கைக்கு மட்டும் நிற்கிறது. ஆக, அம்மா கீழே டிவியில், நான் மாடியில்!
ஆறரை. ஜோதி சத்தத்தை முழுசாக வைத்தாள். அம்மா குரல் மாடிவரைக்கும். வேப்பங்கொட்டைக் கரைசல் பற்றி, ஒரு தடுமாற்றம் இல்லாமல். எங்கள் அம்மாவா இது? கை கடுத்தது, சந்தோஷம் தாங்கவில்லை.
ஓனர் அக்கா: "உங்கம்மா இன்னாமா பேசுது! சிரிச்சிகினே பேசுது!"
ஜோதி: "ஏட்டி செல்வி, ஒம் பேரச் சொல்லுதாக! 'செல்வி, பாக்கியாட்டி?'ன்னு கேமராவப் பாத்துக் கேக்காக!"
அவ்வளவுதான். டிஷ்ஷை விட்டுவிட்டு ஓடினேன். படியிறங்கி வந்தால் திரை கறுப்பு. ஜோதி தலையில் அடித்துக்கொண்டாள். மூன்று பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. உடனே அம்மாவுக்குப் போன்.
"பாத்தியாட்டி?"
"எங்கம்மா பாக்க? ஒன்னயத்தான் ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டு நின்னேன்."