பூசை போட்ட கம்ப்யூட்டர்

ஆயுத பூசை, புதன் இரவு

தோட்டத்து ஆபீசில் காலையிலேயே பூசை முடிந்தது. கம்ப்யூட்டருக்கும் மாலை போட்டு, நாளைவரை யாரும் தொடக்கூடாது என்று நானே எல்லாரிடமும் சொல்லிவிட்டுப் பதுளைக்கு பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்து கால்கூடக் கழுவவில்லை, தோட்டத்து மேனேஜர் தொரை போனில் வந்துவிட்டார். இந்த மாதத் தேயிலைக் கொழுந்து விபரம் நாலு மணிக்குள் கொழும்புக்குப் போகாவிட்டால் என் வேலை போகுமாம்.

விபரமெல்லாம் ஆபீஸ் கம்ப்யூட்டரில். நல்லவேளை, அதை அணைக்க மறந்திருந்தேன். வீட்டு லேப்டாப்பிலிருந்தே இன்டர்நெட் வழியாக அதை இயக்கினேன். பாதியில் ஆபீஸ் வாச்சர் முத்தையா அண்ணன் போன் பண்ணினார்.

"தம்பி, மாலைக்குப் பின்னால அம்புக்குறி தானா ஓடுது. நீங்கதானே?"

"நான் தொடலண்ணே. நான் பதுளையில இருக்கேன்."

"கை எங்க இருந்தா என்ன? வேல செய்யிறது பூச போட்ட மிஷின்தானே?"

விபரத்தை அனுப்பி முடித்தேன். அவர் விடவில்லை.

"அங்க எதுல இருந்து ஓட்டுறீங்க?"

"வீட்டு லேப்டாப்புல."

"அதுக்குப் பூச போட்டாச்சா?"

மனைவி போட்டிருந்தாள். குங்குமம் என் விரலிலேயே ஒட்டியிருந்தது.

"அப்ப ரெண்டாச்சு. தொரைகிட்ட நான் சொல்லமாட்டேன். சரஸ்வதிகிட்ட நீங்களே சொல்லிக்கங்க."

போனை வைத்துவிட்டார். அந்த மனுசனை நாலு வரியாவது திட்டி டைரியில் எழுதத்தான் இப்போது உட்கார்ந்தேன். சாமி படத்துக்கு முன்னால் கைக்கு அகப்பட்ட பேனாவை எடுத்து வந்திருக்கிறேன். அதன் மூடியிலும் சந்தனப் பொட்டு.

மூன்றாச்சு.