ஒரு சாண் உயரமான புருஷன்

கொரோகோ, கோகோ பேட்டை
4 மார்ச் 1986

என் வீட்டுக்காரருக்கு,

நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்க வேண்டும், கேட்டுவிட்டேன். இனி விஷயம்.

"ஆண் பொம்மையோட காலைக் கரையான் அரிச்சிருக்கு, அபிஜான் பட்டணத்துல நல்ல பசை கிடைக்கும், பத்தே நாள்" என்று எடுத்துப் போனீர்கள். ஐந்து மாதம் ஆகிறது. குறி சொல்லும் பாயில் பெண் பொம்மை தனியாக நிற்கிறாள். வந்தவர்கள் கையைப் பிடித்து என் தொடையில் தட்டித் தட்டிக் கேட்கிறேன்; காட்டு ஆவிகள் வாயே திறப்பதில்லை. ஜோடி இருந்தால்தானே அவை பேசும்? பொம்மை செதுக்குகிறவருக்கு இதை நான் சொல்லித்தான் தெரியணுமா? நேற்று ஒருத்தி, "இவ புருஷன் எங்கக்கா?" என்றாள். "அபிஜான் போயிருக்கான்" என்றேன். "அப்ப வந்த மாதிரிதான்!" என்று சிரித்துவிட்டு எதிர்வீட்டுக் குறிகாரியிடம் போய்விட்டாள்.

என் பிழைப்பே போகிறது. பொம்மையை அனுப்புங்கள்.

உங்கள் மனைவி,
ஞெனே

அபிஜான், திரெஷ்வில்
29 மார்ச் 1986

அன்புள்ள ஞெனேவுக்கு,

கோபப்படாதே. பழைய பொம்மையின் கால் என் கையிலேயே உதிர்ந்துவிட்டது. புதிதாக ஒன்று செதுக்கி பஸ் டிரைவர் நவாவிடம் கொடுத்திருக்கிறேன். பழசைவிட லட்சணமானவன். வெள்ளைக்காரப் பயணிகளுக்கு விற்க ஓட்டல்காரர்கள் பொம்மைகளை ஜோடி ஜோடியாகக் கேட்கிறார்கள், வாய்ச்சியைக் கீழே வைக்க நேரமில்லை. என் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாதே. பொரித்த மீனும் மரவள்ளிச் சோறும் பழகிவிட்டது.

உன்,
ஃபோபா

கொரோகோ
21 ஏப்ரல் 1986

வீட்டுக்காரருக்கு,

நவா கொண்டுவந்த பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தேன். அடக் கடவுளே, பெண்ணைவிட ஒரு சாண் உயரம்! நம் சேனுஃபோ இனத்தில் எந்த ஜோடியில் ஐயா ஆண் உயரம்? உலகத்துக்கு முதலில் வந்தவள் அவள், பிள்ளைகளுக்குக் குலமும் அவள் வழி. அவன் அவள் தோள் மட்டும்தானே நிற்க வேண்டும்? குறி கேட்க வந்த கிழவர், "யாரும்மா இவன், வெள்ளைக்காரனா?" என்கிறார். "காலை ஒரு சாண் அறுத்துடலாம் அண்ணி" என்கிறான் உங்கள் தம்பி ஜானா. அறுப்பதற்கு அதென்ன புடலங்காயா?

செதுக்குகிற உங்களுக்கே நாம் யாரென்று மறந்துபோனால் நான் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது? உதிர்ந்த காலோடாவது பழைய ஆளை அனுப்புங்கள்.

உங்கள் மனைவி,
ஞெனே

அபிஜான்
8 ஜூன் 1986

ஞெனே,

மூன்று தடவை குட்டையாகச் செதுக்க உட்கார்ந்தேன். மூன்றும் உயரமாகவே வந்தன. இங்கே வாங்குகிறவர்களுக்குப் புருஷன்தான் உயரமாக நிற்க வேண்டும். கை அதற்கே பழகிவிட்டது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கால் உதிரவில்லை. அவனை விற்றுவிட்டேன். ஒரு பெரிய ஓட்டலின் முன்கூடத்தில், குட்டையான ஒரு பவுலே இனத்துப் பெண் பொம்மைக்குப் பக்கத்தில் நிற்கிறான். 'சேனுஃபோ கணவன் மனைவி, நூறு வருடப் பழமை' என்று அட்டை வேறு. திருப்பிக் கேட்கப் போனேன். "என் கல்யாணத்தப்ப நான் செதுக்கினது சார்" என்றேன். மேனேஜர் அட்டையைக் காட்டி, "அப்ப உனக்கு வயசு நூத்திச் சொச்சமா?" என்றார். காவல்காரன் வெளியே தள்ளிவிட்டான்.

மன்னித்துவிடு.

ஃபோபா

கொரோகோ
2 ஜூலை 1986

ஃபோபா கூலிபாலி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. சிரித்தேன், அழுதேன், ஆத்திரம் தாங்காமல் கோழிகளைத் துரத்தினேன்.

உங்களுக்கு மீன் பொரித்துப் போடுகிறவளும் பவுலே பெண்தான் என்று நவா போன மாதமே உளறிவிட்டான். நீங்களாகச் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். பொம்மை விஷயத்தை மட்டும் சொல்லியிருக்கிறீர்கள்.

ஜானா எனக்குப் புது ஜோடி செதுக்கிக் கொடுத்துவிட்டான். பெண் உயரம், ஆண் அவள் தோள் மட்டும். தொடையில் தட்டிய முதல் தட்டிலேயே ஆவிகள் பேசின. நேற்று மட்டும் ஏழு பேர் வந்தார்கள். "இவ புருஷன் எங்கக்கா?" என்று கேட்டுச் சிரித்தவளும் வந்தாள்.

தனியாக நின்ற பழைய பெண்ணை நவாவிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். உங்கள் வீட்டில் வைக்காதீர்கள். அந்த ஓட்டலில் கொடுத்து, அவன் பக்கத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். கணவன் மனைவி என்று எழுதியிருக்கிற அந்த அட்டையாவது உண்மையாக இருக்கட்டும்.

எனக்கு இங்கே வேலை இருக்கிறது.

பிறந்த வீட்டுப் பெயரில்,
ஞெனே சோரோ