வண்டி ஆறட்டும்

சமையல் மேடையில், காபிப்பொடி டப்பாவுக்குப் பக்கத்தில், ஒரு ரப்பர் குழாய் கிடக்கிறது. உங்கள் காரிலிருந்து மெக்கானிக் பாய் கழற்றியது. நடுவில் வாய் பிளந்திருக்கிறது. உள்ளே கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு. தூக்கிப் போட்டுவிடட்டுமா என்று அவர் கேட்டபோது, வேண்டாம் என்று பழைய செய்தித்தாளில் சுற்றி வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து மூக்கருகே வைத்துப் பார்த்தால், உங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சட்டைகளின் வாடை. எத்தனை வருடம் அதைச் சோப்புப் போட்டுக் கசக்கியிருக்கிறேன். உங்களுடைய வாடை என்றுதான் நினைத்திருந்தேன். காருடையதாம். அதிலும் அது என்னை முந்திக்கொண்டது.

போன ஆடியில் ஆலையிலேயே மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள். ஆலை வாசலில் நின்ற காரை உங்கள் தம்பி ஓட்டி வந்து நம் வாசல் தகர ஷீட்டுக்கு அடியில் விட்டார். உங்களைச் சுமந்த ஆம்புலன்ஸ் அதற்குப் பிறகுதான் வந்தது. அன்றைக்கும் எனக்கு அந்தக் கார் மேல் பொறாமை வந்தது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். நீங்கள் நம்புவீர்கள். கடைசியாக உங்களை உயிரோடு ஏற்றிக்கொண்டு போனது அதுதானே.

பொறாமை அன்று தொடங்கியதல்ல. நம் வீட்டுக்கு வரும்போதே அது இரண்டு பேரிடம் ஓடிக் களைத்த டீசல் கார். கம்பெனி பஸ் பென்னலூர் முனையிலேயே நிற்கும்போது எதற்கு இது என்று கேட்டேன். "பஸ்ல ஒரே சத்தம்மா" என்றீர்கள். வீட்டில் மூன்று பேர். நீங்கள் பேசுவது குறைவு, நம் பெண்ணும் நானும் பேசுவதுதான் அதிகம். அந்தச் சத்தமும் இதில் சேர்த்தியோ என்று யோசித்தேன். கேட்கவில்லை. அதன் கண்ணாடியைத் துடைப்பதற்கென்று மெல்லிய துணி வாங்கி வந்தீர்கள். அதை நான் கைப்பிடித் துணியாக எடுத்துவிடக் கூடாதென்று காருக்குள்ளேயே பூட்டி வைத்தீர்கள்.

எல்லாவற்றையும் விட என்னை எரித்தது அந்தக் கொஞ்ச நேரம்தான். ஷிஃப்ட் முடிந்து வந்து ஷீட்டுக்கு அடியில் நிறுத்துவீர்கள். இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். கதவு திறக்காது. இந்தச் சமையலறை ஜன்னலிலிருந்து பார்ப்பேன். உள்ளே உங்கள் உதடுகள் அசையும்.

"என்னங்க, காபி ஆறுது!" என்று குரல் கொடுப்பேன்.

கண்ணாடியை விரலளவு இறக்கி, "டர்போ சூடா இருக்கும்மா. வண்டி ஆறட்டும்" என்பீர்கள். கண்ணாடி மறுபடி ஏறும். நீங்கள் உள்ளே வரும்போது காபியில் ஆடை கட்டியிருக்கும். அதை விரலால் எடுத்துப் போட்டுவிட்டுக் குடிப்பீர்கள். முகத்தில் யாரிடமோ விடைபெற்று வந்த ஒரு நிறைவு இருக்கும். அதைப் பார்த்துத்தான் எனக்கு வயிறு எரியும்.

ஆறுவதற்கு உதடு எதற்கு அசைய வேண்டும்? யாரிடமோ போனில் பேசுகிறீர்கள் என்று முடிவுசெய்தேன். அந்த யாருக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. மழை நாட்களில் நீங்கள் ஒரகடம் வரை ஏற்றிவருவதாகச் சொன்ன உங்கள் ஆலை ஸ்டோர்ஸ் பெண்ணின் முகத்தைப் பொருத்திக்கொண்டேன். உங்கள் சாவுக்கு அவள் வந்திருந்தாள். மற்றவர்கள் அழுத அளவுக்குத்தான் அழுதாள். அளந்து பார்த்தேன்.

பிறகு நானே அந்தக் காரை வல்லம் வடகாலில் இருக்கிற என் ஆபீசுக்கு எடுத்துப் போக ஆரம்பித்தேன். ஹைவேயில் விரட்டிக்கொண்டு வந்து, ஷீட்டுக்கு அடியில் நின்ற மறு நொடி சாவியைத் திருப்பிவிடுவேன். உங்களிடம் வாங்கிய நேரத்தை என்னிடமும் வாங்கப் பார்க்கிறதா, ஒரு நொடி கொடுக்கமாட்டேன் என்று இருந்தேன். மாதக்கணக்கில் அப்படி. ஒரு நாள் ஒரகடம் மேம்பாலத்தில் ஏறும்போது வண்டி இழுக்கவில்லை. ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் மாட்டுவண்டி வேகம். பானெட்டுக்குள்ளிருந்து சைரன் மாதிரி ஓர் ஊளை. பின்னால் கறுப்புப் புகை. அதற்கும் பின்னால் கன்டெய்னர் லாரியின் ஹாரன்.

உங்கள் தம்பி வந்து பார்த்துவிட்டு, "டர்போ பூட்ச்சி அண்ணி. இத்தக் கட்டிக்கினு ஏன் அழுவுறீங்க? வாங்கிக்க ஒர்த்தன் ரெடியா கீறான். இல்லாங்காட்டி காயலாங்கடைதான்" என்றார்.

"முதல்ல சரி பண்ணிப் பார்க்கிறேன்" என்றேன். அண்ணன் நினைவாக வைத்துக்கொள்ளப் பார்க்கிறேன் என்று நினைத்து அவர் கண் கலங்கினார். எனக்கு வேண்டியது வேறு. அந்த டர்போ உண்மையிலேயே ஆற வேண்டியதுதானா, இல்லை, அந்த நேரம் வேறொருத்திக்குப் போனதா? அதைத் தெரிந்துகொள்ளாமல் அந்தக் காரை என் வாசலை விட்டு அனுப்ப முடியாது.

வாலாஜாபாத் ரோட்டில் இருக்கிற பாய் ஷெட்டுக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. உங்கள் பாதி ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்ற இடம். காரைப் பார்த்ததும் பாய் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு நின்றார். உங்களைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டு ஊளையைப் பற்றியும் புகையைப் பற்றியும் சொன்னேன்.

முதலில் குழாய்தான் என்றார். டர்போ இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்புகிறதாம். அந்தக் காற்று போகிற வழி கிழிந்திருந்தால் வண்டிக்கு மூச்சு வாங்கும். புதுக் குழாய் மாட்டியதும் ஊளை நின்றது. ஆனால் சாலையில் ஓட்டிப் பார்த்தபோது இழுவை இன்னும் பாதிதான். "குழாய்னு நெனச்சி ஏமாந்துட்டேன் மேடம்" என்று தலையைச் சொறிந்துகொண்டே டர்போவைக் கழற்றினார். நத்தைக்கூடு மாதிரி இருந்தது. உள்ளே சின்னக் காற்றாடி. அதை விரலால் தொட்டு ஆட்டிக் காட்டினார். பால்பல் மாதிரி ஆடியது.

"வண்டி ஓடி வந்ததும் டக்குனு ஆஃப் பண்ணிக்கினு இருந்தீங்களா?"

"ஆமாம்."

"அதான். இது கொதிச்சிக்கினு கீது, நீங்க ஆயிலை நிறுத்திட்டீங்க. சட்டியில எண்ணெ கருகுற மாதிரி உள்ளயே கருகிப் பூட்ச்சி."

ஆக, நீங்கள் சொன்னது பொய்யில்லை. என் வயிற்றெரிச்சல்தான் அதற்குள் கருகிக் கிடந்தது. நிம்மதி வந்திருக்க வேண்டும். பதிலாக இன்னொரு கேள்வி வந்தது.

"எவ்வளவு நேரம் பாய் ஆற விடணும்?"

"நீங்க பெல்ட்டக் கழட்டி, பையை எடுத்து, செருப்ப மாட்டுறதுக்குள்ள ஆறிடும்."

"காபியில ஆடை கட்டுற வரைக்கும் உட்கார்ந்திருப்பாரே?"

பாய் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பு; துக்கம் விசாரிக்க மறந்துபோன சிரிப்பு.

"அது டர்போவுக்கா? பாட்டுக்கு மேடம்! சாரு வண்டியில பாடுவாரு, தெரியாது? இங்கயும் அதே கதைதான். வண்டி வந்து நிக்கும், கதவு தொறக்காது. நான் போயி கண்ணாடியத் தட்டுவேன். 'இன்னா சார், எறங்க மாட்டியா'ம்பேன். 'பாய், இன்னும் சரணம் கீது, இரு'ம்பாரு."

தெரியாது. எனக்குத் தெரியாது. குழந்தையைத் தூங்க வைக்கும்போதுகூட நீங்கள் முதுகைத் தட்டிக்கொடுப்பீர்களே தவிர, வாய் திறந்ததில்லை. உதடு அசைந்தது போனுக்கு இல்லை, ஸ்டோர்ஸ் பெண்ணுக்கும் இல்லை. அந்த முகத்தை அங்கேயே இறக்கிவிட்டேன். ஆனால் இருக்கை காலியாகவில்லை. இப்போது அதில் பாய் உட்கார்ந்திருந்தார், எண்ணெய்க் கையோடு, உங்கள் பாட்டைக் கேட்டுக்கொண்டு.

பாட்டை விட என்னைக் குத்தியது அந்தக் 'கீது'. கல்யாணமாகி தென்காசியிலிருந்து நான் இங்கே வந்த புதிதில், நீங்கள் 'கீது' என்று சொன்னபோது, கிளி கத்துகிற மாதிரி இருக்கிறது என்று சிரித்தேன். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். அதற்குப் பிறகு என்னிடம் எப்போதும் 'இருக்கு'தான். உங்கள் பேச்சை விட்டுவிட்டீர்கள் என்றே நம்பியிருந்தேன். விடவில்லை, வேறு இடத்தில் பத்திரமாக வைத்திருந்தீர்கள். உங்கள் பேச்சும் உங்கள் பாட்டும் எனக்கு முப்பது அடி தள்ளி, கண்ணாடி ஏற்றிய ஒரு பெட்டிக்குள் இருந்திருக்கின்றன. நான் காபி ஆறுகிறதென்று கத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

என்ன பாட்டு என்று பாயிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். ஒருவேளை பாடியே காட்டியிருப்பார். அதைத்தான் என்னால் தாங்கியிருக்க முடியாது.

டர்போவின் உள்பாகத்தை மாற்றி, சுத்தம் செய்து, புது ஆயில் ஊற்றிக் கொடுத்தார். திரும்பி வரும்போது மேம்பாலத்தில் கார் சிணுங்காமல் ஏறியது. மிதிக்கிறபோது மெல்லிய ஒரு விசில் மட்டும்; காதைக் கொடுத்தால்தான் கேட்கும். அந்தச் சுருதியில்தான் நீங்கள் ஆரம்பித்திருப்பீர்களோ என்று தோன்றியது. நானாகக் கட்டுகிற கதை. கட்டிக்கொள்கிறேன்.

உங்கள் தம்பியிடம் விற்கவில்லை என்று சொல்லிவிட்டேன். "அண்ணன் நெனப்பா அண்ணி?" என்றார். தலையாட்டினேன். யாரோ ஒருவன் அந்த இருக்கையில் உட்கார்ந்து, அந்த விசிலைக் கேட்டு, அவன் பாட்டை அதில் பாடுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? நீங்கள் இருந்தபோது அந்தக் கார் உங்களை வைத்துக்கொண்டது. இப்போது நான் அதை வைத்துக்கொள்கிறேன். பங்கு கிடையாது.

நேற்று ஆபீஸ் முடிந்து வந்து ஷீட்டுக்கு அடியில் நிறுத்தினேன். சாவியைத் திருப்பவில்லை. பெல்ட்டைக் கழற்றினேன், பையை எடுத்தேன், செருப்பை மாட்டினேன். அதற்குள் டர்போ ஆறியிருக்கும். நான் இறங்கவில்லை. ஸ்டியரிங் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. நீங்கள் இங்கிருந்து பார்த்தால் சமையலறை ஜன்னல் எப்படித் தெரிந்திருக்கும் என்று அப்போதுதான் கவனித்தேன். முழுதாகத் தெரிகிறது. அதில் நிற்கிறவளின் முகம்கூட. நான் நின்றதைத் தினமும் பார்த்துக்கொண்டேதான் பாடியிருக்கிறீர்கள்.

இப்போது அங்கே நம் பெண் நின்றுகொண்டிருந்தாள், கையில் டம்ளரோடு.

"அம்மா, காபி ஆறுது! தனியா உக்காந்து யார்கிட்ட பேசுற?"

என் உதடு அசைந்திருக்கிறது. எனக்கே தெரியவில்லை. கண்ணாடியை விரலளவு இறக்கினேன்.

"இன்னும் சரணம் கீது, இரு" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.