கைப்பிடியின் உயரம்

என் வீட்டுக்காரிக்கு,

மகள் வீட்டில் இடுப்பு வலி தேவலையா? போனில் கேட்டால் "ம்" என்று மட்டும் சொல்கிறாய். அதனால் எழுதுகிறேன்.

குளியலறை வேலையை நானே முடித்துவிட்டேன். ஆள் வைத்தால் கட்டுப்படியாகாது. நீ வழுக்கி விழுந்த இடத்தில் சொரசொரப்பான ரப்பர் விரிப்பு ஒட்டினேன். ஒழுகின குழாய்க்கு வாஷர் மாற்றினேன். முழங்கால் இரண்டும் கெஞ்சுகின்றன.

சுவரில் ஒரு கைப்பிடியும் மாட்டினேன். நாலு ஓட்டை போடுவதற்குள் தாவு தீர்ந்துவிட்டது. டிரில்லைத் திரும்ப வாங்க வந்த எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் பார்த்துவிட்டு, "இது யாருக்குண்ணே? உங்களுக்கா, அண்ணிக்கா?" என்றான். என் தோள் உயரத்துக்கு வைத்திருக்கிறேன். நீ எம்பினால்தான் எட்டும்.

டிரில் இன்னும் ஒரு நாள் இருக்கட்டும் என்று அவனிடம் சொல்லிவிட்டு, கழற்றினேன். எந்த உயரத்தில் வைப்பது என்று தெரியவில்லை. இத்தனை வருஷம் குடும்பம் நடத்திவிட்டு அதை மகளிடம் கேட்க வெட்கமாக இருந்தது. அப்போதுதான் இன்னும் பெயிண்ட் அடிக்காத சுவரில் அந்தக் கறையைப் பார்த்தேன். "சுவரெல்லாம் கைய வச்சு அழுக்காக்குறியே" என்று கத்தி உன்னையே துடைக்க வைப்பேனே, அதே கறை. ஐந்து விரலும் ஒரே இடத்தில் பதிந்து பதிந்து கறுத்திருந்தது.

கைப்பிடியை அங்கேயே மாட்டிவிட்டேன்.

மேலே இருந்த நாலு ஓட்டையையும் வெள்ளை சிமெண்ட் வைத்து அடைத்தேன். அடைத்தும் பளிச்சென்று தெரிகிறது. வந்து திட்டு. வர மனசில்லை என்றால் போனிலாவது திட்டு. "ம்" மட்டும் வேண்டாம்.

உன்னைச் சுவர் துடைக்க வைத்தவன்